பட்ட வித்தைப் போட்டி நடத்தப் போகிறீர்களா? டெல்டா கரைக்கு ஒரு நடைமுறை வழிகாட்டி

மொட்டைமாடியில் ஏற்றும் ஒற்றைநூல் காத்தாடியைப் பற்றியது அல்ல இந்தக் கட்டுரை. வித்தைப் பட்டம் என்பது முக்கோண வடிவில், இறக்கையின் நுனிக்கு நுனி இரண்டேகால் மீட்டர் போல அகலமுள்ள, கார்பன் குச்சியும் மெல்லிய நைலான் துணியும் வைத்துச் செய்த பட்டம். கைக்கு ஒன்றாக இரண்டு நூல். வலது நூலை இழுத்தால் வலப்பக்கம் திரும்பும், இடது நூலை இழுத்தால் இடப்பக்கம். இரண்டையும் சரியான நொடியில் தளர்த்தினால் மல்லாந்து படுக்கும், குப்புறக் கவிழும், படுத்தபடியே ஒரு சுற்றுச் சுற்றும். 1970-களில் இங்கிலாந்தைச் சேர்ந்த பீட்டர் பவல் செய்து விற்ற இரட்டைநூல் பட்டம்தான் இந்த விளையாட்டைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனது. இன்று வெளிநாடுகளில் இதற்கென்று விதிப்புத்தகம், நடுவர் குழு, தனிநபர் பிரிவு, ஜோடிப் பிரிவு, குழுப் பிரிவு எல்லாம் இருக்கின்றன.

நம் பக்கத்தில் இதைத் தொடங்க நினைக்கும் எல்லோரும் முதலில் கேட்பது, “விடத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் கிடைப்பார்கள்?” என்பதைத்தான். எட்டுப் பேர் கிடைத்தால் போதும், முதல் போட்டியை நடத்திவிடலாம். தரையில் நிற்க இருபது பேராவது வேண்டும். அந்த இருபது பேர் யார், எங்கே நிற்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்பது தெளிவாகிவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்து சேரும். அது இல்லாமல் உலகத்தரப் போட்டியாளரைக் கூட்டி வந்தாலும் பிரயோசனம் இல்லை.

முதலில் மாதம், அப்புறம் தேதி

டெல்டாவில் காற்று என்றதும் ஆடிதான் நினைவுக்கு வரும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஆனால் வித்தைப் போட்டிக்கு அந்தக் காற்று ஆகாது. அது மேற்கிலிருந்து அடிப்பது. தென்னந்தோப்பு, சவுக்குத்தோப்பு, வீடுகள் எல்லாவற்றிலும் மோதிக் கடற்கரைக்கு வந்து சேர்வதற்குள் குலைந்துபோயிருக்கும். ஒரு நொடி முகத்தில் அறையும், அடுத்த நொடி செத்துப்போகும். ஒரு தடையைத் தாண்டி வரும் காற்று மறுபடி சீராக, அந்தத் தடையின் உயரத்தைப்போல் ஏழு முதல் பத்து மடங்கு தூரம் தேவை. பதினைந்து மீட்டர் தென்னை என்றால் நூறு, நூற்றைம்பது மீட்டர் தள்ளித்தான் நல்ல காற்று. அதோடு, மேல்காற்றில் பட்டம் கடல் பக்கமாக நிற்கும். நூல் அறுந்தால் அலையில்தான் தேட வேண்டும்.

நமக்கு வேண்டியது கடலிலிருந்து வரும் காற்று. மாசி, பங்குனியில் காலையில் இலை அசையாது. நிலம் சூடேறி, அதன் மேலிருக்கும் காற்று எழும்பியதும் கடல் மேலிருக்கும் குளிர்ந்த காற்று உள்ளே வரத் தொடங்கும். பதினொன்று, பன்னிரண்டு மணி வாக்கில் கிழக்கு அல்லது தென்கிழக்கிலிருந்து கிளம்பி, பிற்பகலில் நன்றாக ஏறிவிடும். வழியில் தண்ணீரைத் தவிர எதுவும் இல்லாததால் வழவழவென்று, ஒரே சீராக வரும். ஐப்பசி, கார்த்திகை பேச்சே வேண்டாம், மழைக்காலம். சித்திரைக்கு மேல் வெயில் ஆளைத் தின்றுவிடும்.

தேதி குறிக்கும்போது இரண்டு விஷயங்களைப் பாருங்கள். மாசி மகத்தன்று தீர்த்தவாரிக்காகச் சுவாமிகள் கடற்கரைக்கு எழுந்தருளும் ஊர்களில் அன்றைக்கு உங்களுக்கு ஒரு முழம் மணல்கூடக் கிடைக்காது. மார்ச்சில் பொதுத்தேர்வு தொடங்கிவிடும். உங்களுக்கு உதவிக்கு வரக்கூடிய மாணவர்களும் ஆசிரியர்களும் அப்போது வரமாட்டார்கள். ஆக, பிப்ரவரி பின்பாதி, அல்லது தேர்வு முடிந்த பிறகு ஏப்ரலில். எதைக் குறித்தாலும் அடுத்த ஞாயிறை மாற்று நாளாக அறிவித்துவிடுங்கள். காற்று வராத நாளில் போட்டி நடத்த முடியாது என்பதைச் சொல்லிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். கிழக்கிலிருந்து வரும் கொண்டல் எப்போது எழும், வடக்கிலிருந்து வரும் வாடை எப்போது ஓயும் என்பதைக் கரையில் உட்கார்ந்து வலை சரிசெய்கிற பெரியவரிடம் ஒரு வாரம் முன்பே கேட்டுவையுங்கள். செல்போன் செயலி சொல்வதையும் பாருங்கள், ஆனால் அவர் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள்.

இன்னொன்று, பலரும் யோசிக்காத விஷயம்: சூரியன். கடற்காற்று கிழக்கிலிருந்து வந்தால் பட்டம் மேற்குப் பக்கம் பறக்கும். மூன்றரை மணிக்கு மேல் சூரியனும் அங்கேதான் இறங்கிக்கொண்டிருக்கும். விடுபவருக்கும் கண் கூசும், நடுவருக்கும் கண் கூசும். பட்டம் சூரியனைக் கடக்கிற அந்த ஒரு நொடியில்தான் வித்தை முடிந்திருக்கும், யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். அதனால் முக்கியமான சுற்றுகளைப் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்றரைக்குள் முடித்துவிடுங்கள். காற்று தென்கிழக்காக இருந்தால் பட்டம் வடமேற்கில் நிற்கும், கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும். நடுவர்களுக்குத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் வாங்கிக் கொடுப்பது ஆடம்பரச் செலவு இல்லை.

இடம்

நாகப்பட்டினம், காரைக்கால் கடற்கரைகள் அகலமானவை, சாலையிலிருந்து சாமான் இறக்கவும் வசதி. தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டை முன்னால் நடத்தினால் படம் அழகாக வரும், ஆனால் மணல் போதாது. வேளாங்கண்ணியில் யாத்ரீகர்கள் இல்லாத ஞாயிறு கிடையாது. கோடியக்கரை வனவிலங்குச் சரணாலயம், பறவைகளின் இடம், அந்தப் பக்கமே போகாதீர்கள். காரைக்கால் புதுச்சேரி நிர்வாகத்தில் வருவதால் நாகை ஆட்சியரிடம் வாங்கிய கடிதம் அங்கே செல்லாது, காரைக்கால் ஆட்சியர் அலுவலகத்தில் தனியாகக் கேட்க வேண்டும்.

கடற்கரை வேண்டாம், உள்ளே நடத்தலாம் என்றால் கொள்ளிடத்து மணல் இருக்கிறது. மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடிய பிறகு ஆறு காய்ந்து கிடக்கும். ஆனால் கடற்காற்று அவ்வளவு தூரம் வந்து சேர நேரமாகும், கரையோர மரங்களும் அதைக் கலைத்துவிடும். பழகுவதற்குச் சரி, போட்டிக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். அறுவடை முடிந்த சம்பா வயலில் பழகலாமே என்று சிலருக்குத் தோன்றும். இறங்கும் முன் குனிந்து பாருங்கள். அறுப்புக்கு ஒரு வாரம் முன்பே உளுந்தோ பயறோ தெளித்திருப்பார்கள். தாளுக்கு நடுவே இரண்டிலை விட்டிருக்கும். காலியாகத் தெரிகிற வயல் அநேகமாகக் காலியாக இருக்காது.

களத்தை அளக்கும் கணக்கு எளிது. வித்தைக்கு 25 முதல் 30 மீட்டர் நூல் போடுவார்கள். 30 மீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். நின்ற இடத்திலிருந்து பட்டம் வலப்பக்கம் 30, இடப்பக்கம் 30 மீட்டர் போகும். இரண்டு பக்கமும் பாதுகாப்புக்கு 15 சேர்த்தால் அகலம் 90 மீட்டர். முன்னால் 30 மீட்டர் நூல், ஆள் முன்னும் பின்னும் ஓட 30, அதற்கு அப்பால் 30 மீட்டர் யாரும் நிற்காத வெற்றிடம். நீளமும் 90 மீட்டர் ஆகிவிட்டது. அலை விளிம்பிலிருந்து இருபத்தைந்து மீட்டர் தள்ளிக் களத்தைத் தொடங்குங்கள், அந்த இடைவெளியில் நடுவர்கள் உட்கார வேண்டும். அமாவாசை, பௌர்ணமி நாளில் தண்ணீர் இன்னும் கொஞ்சம் மேலே ஏறும், அதையும் கணக்கில் எடுங்கள். இடம் குறைந்தால் எல்லோருக்கும் 20 மீட்டர் நூல் என்று விதி வைத்துக் களத்தைச் சுருக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு களம் ஓட்ட முதல் வருடம் ஆசைப்படாதீர்கள்.

களத்துக்கு அருகே மின்கம்பி இருக்கவே கூடாது. உப்புத் தண்ணீரில் நனைந்த நூலில் மின்சாரம் பாயும். ‘தூரத்தில்தானே இருக்கிறது’ என்று யாராவது சொன்னால், அறுந்த பட்டம் எவ்வளவு தூரம் போகும் என்று அவரையே யோசிக்கச் சொல்லுங்கள்.

அனுமதி: இதைக் கடைசிக்கு வைக்காதீர்கள்

இங்கேதான் மிகுந்த கவனம் வேண்டும். 2017 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நைலான் முதலான செயற்கை இழையில் செய்த, மக்கிப்போகாத பட்ட நூலுக்கு நாடு முழுவதும் தடை விதித்தது. மாஞ்சா கழுத்தை அறுத்து எத்தனை உயிர் போனது என்று நமக்குத் தெரியும், அந்தத் தடையின் நியாயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வித்தைப் பட்டத்தின் நூலும் செயற்கை இழைதான். டைனீமா, ஸ்பெக்ட்ரா என்ற பெயர்களில் வரும் பாலிஎத்திலீன் இழை. அதில் கண்ணாடித்தூள் கிடையாது, பட்டத்தோடு பட்டம் மோதி அறுப்பதும் கிடையாது, போட்டி முடிந்ததும் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இருந்தாலும் இழையின் பெயரைப் படிக்கும் காவலருக்கு அது தடை செய்யப்பட்ட நூலாகத் தெரிய எல்லா வாய்ப்பும் உண்டு. பருத்தி நூல் இழுத்தால் நீளும், வித்தைக்கு உதவாது.

ஆகவே நீங்களே முந்திக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். மாவட்ட ஆட்சியருக்கு எழுதும் மனுவில் என்ன நூல், எத்தனை மீட்டர், எத்தனை பட்டம், போட்டி முடிந்ததும் நூல் எங்கே போகும் என்று எல்லாம் எழுதி, ஒரு முழம் நூலை மாதிரிக்கு ஒட்டிக் கொடுங்கள். மாமல்லபுரத்தில் 2022 ஆகஸ்டில் சுற்றுலாத் துறை ஆதரவோடு சர்வதேசப் பட்டத் திருவிழா நடந்ததையும் குறிப்பிடலாம். எழுத்தில் அனுமதி வரும்வரை அறிவிப்புப் பலகை அடிக்காதீர்கள். “வாய்ச்சொல்லாகச் சரி என்றார்கள்” என்பது அனுமதி ஆகாது. மறுத்துவிட்டால் அந்த வருடம் போட்டி இல்லை, அவ்வளவுதான்.

அப்புறம் வான்வெளி. 1934-ஆம் ஆண்டின் விமானச் சட்டம் விமானம் என்பதற்குத் தந்த விளக்கத்துக்குள்ளேயே பட்டமும் இருந்தது; அதன் இடத்தில் 2024-ல் புதுச் சட்டம் வந்திருக்கிறது. தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரி முதல் சுகோய் போர் விமானங்கள் நிற்கின்றன. தஞ்சைக்குப் பக்கத்திலோ திருச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்திலோ திடல் கிடைத்தது என்று சந்தோஷப்படாதீர்கள். கடற்கரைக்கு வந்தாலும் மனுவில் அதிகபட்ச உயரம் 30 மீட்டர் என்று எழுதுங்கள். நூலின் நீளமே அவ்வளவுதான் என்பது அதிகாரிகளுக்கு உடனே நிம்மதி தரும்.

காவல் நிலையம், கடலோரக் காவல் குழுமம், ஊராட்சி அல்லது நகராட்சி, ஒலிபெருக்கிக்குத் தனி மனு, தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு தகவல் கடிதம். இவையெல்லாம் எந்த விழாவுக்கும் உள்ளவைதான்.

இவற்றோடு ஒன்று, என்னைக் கேட்டால் இவற்றுக்கெல்லாம் முன்பாக ஒன்று: மீனவர் ஊர்ப் பஞ்சாயத்து. அரசாங்கக் காகிதத்தில் கடற்கரை யார் பெயரில் இருந்தாலும் காலையில் படகு இழுப்பதும் வலை காயப்போடுவதும் கருவாடு பரப்புவதும் அவர்கள். ஊர்த் தலைவரான நாட்டாரைப் பார்த்து, எந்த இடம், எந்த நேரம், படகு வந்தால் எங்கே நிறுத்துகிறோம் என்று பேசி முடியுங்கள். படகு கரையேறும் நேரத்தில் போட்டியை நிறுத்திவைப்போம் என்ற உறுதியை நீங்களே முன்வந்து கொடுங்கள். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடும். முளை அடிப்பதற்கு முன் வனத்துறை ஆட்களைக் கேட்டு, முட்டை இருக்கும் இடங்களை விட்டு விலகுங்கள்.

ஆட்கள்

களப் பொறுப்பாளர் ஒருவர். ஒருவர் மட்டும். காற்றை அளந்து தொடங்கச் சொல்வதும், ஆபத்து தெரிந்தால் நிறுத்தச் சொல்வதும் அவர். நீண்ட விசில் ஒன்று ஊதினால் பட்டத்தை உடனே இறக்கி நூலைத் தளர்த்திவிட வேண்டும், காரணத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். அமைச்சரே கைகுலுக்க வந்தாலும் களத்துக்குள் விடாத மன உறுதி அவருக்கு வேண்டும். குரலும் வேண்டும், கொஞ்சம் முன்கோபம் இருந்தாலும் பரவாயில்லை. விழாக் குழுத் தலைவரை மரியாதைக்காக இந்த வேலையில் போடாதீர்கள், அவருக்கு மேடையில் இடம் இருக்கிறது.

எல்லைக்காரர்கள் ஆறு பேராவது. இவர்களைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், போட்டியின் உயிர் இவர்களிடம்தான் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரைவிட மெல்லிய நூல், 45 முதல் 70 கிலோ வரை இழுவை தாங்கும். இழுவையில் வேகமாக நகரும்போது அது தோலை வெட்டும். முன்னூறு கிராம் பட்டம் முழு வேகத்தில் மூக்கு முதலாக வந்து இறங்கினால் கண் போய்விடும். எனவே காற்று போகும் பக்கம், அதாவது பட்டம் பறக்கும் பக்கம், ஒரு ஆள் நிற்கக்கூடாது. பார்வையாளர்கள் விடுபவரின் முதுகுப் பக்கமும் இரண்டு ஓரங்களிலும் இருக்க வேண்டும்.

நம் கரையில் இதில் ஒரு சிக்கல் உண்டு. கடற்காற்றில் பட்டம் ஊர்ப் பக்கமாகப் பறக்கும். சனம் வருவதும் ஊர்ப் பக்கமிருந்துதான். பஸ்ஸை விட்டு இறங்கி, பட்டத்தைப் பார்த்ததும் நேராக அதை நோக்கியே நடந்து வருவார்கள். அண்ணாந்து பார்த்துக்கொண்டே வருவதால் கயிறும் கண்ணில் படாது. அதனால் ஆறு பேரில் நான்கு பேரை மேற்கு எல்லையில் நிறுத்துங்கள். சவுக்குக் கம்பு நட்டு, கயிறு கட்டி, கலர்த் துணி தொங்கவிடுங்கள். மக்கள் வரும் பாதையை இரண்டு ஓரங்களுக்கும் திருப்பிவிடுங்கள்.

எல்லைக்காரருக்கு ஒரே ஒரு கட்டளை: பட்டத்துக்கு முதுகைக் காட்டி நில், கூட்டத்தைப் பார். சொல்வது சுலபம், தலைக்கு மேல் பட்டம் சுழலும்போது திரும்பிப் பார்க்காமல் இருப்பது பெரும்பாடு. தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் சுவாமியைப் பார்க்கிறாரா, சக்கரத்தைப் பார்க்கிறாரா? அந்த மாதிரி ஆள் வேண்டும். உள்ளூர்க் கபடிக் குழுப் பையன்களைக் கேளுங்கள். கோடு என்றால் என்னவென்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மீனவக் குடும்பத்து இளைஞர்கள் இரண்டு பேராவது இருந்தால் ஊர்க்காரர்களிடம் பேசுவது எளிது. அரை மணிக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள், வெயிலில் அதற்கு மேல் கவனம் நிற்காது. மாறும்போது அவர்கள் பந்தலில் உட்கார்ந்து பட்டத்தை ஆசைதீரப் பார்க்கட்டும்.

தூக்கிவிடுபவர்கள் இரண்டு பேர். விழுந்த பட்டத்தைத் தானே எழுப்ப நல்ல போட்டியாளருக்குத் தெரியும், ஆனால் முடியாத நிலையும் வரும். அப்போது விடுபவர் கையசைத்த பிறகே போக வேண்டும், பக்கவாட்டிலிருந்து போக வேண்டும், இரண்டு நூலுக்கு நடுவே ஒருபோதும் கால் வைக்கக்கூடாது. நடுத்தண்டைப் பிடித்துத் தூக்கி, சூத்திரம் (பட்டத்தின் குச்சிகளை நூலோடு இணைக்கும் கட்டுநூல்) எங்காவது மாட்டியிருக்கிறதா என்று பார்த்து, இறக்கை நுனிகள் மணலில் ஊன, மூக்கு மேலே இருக்க, பட்டத்தை விடுபவருக்கு எதிர்த்திசையில் லேசாகச் சாய்த்து வைத்துவிட்டு விலக வேண்டும். ஒற்றைநூல் காத்தாடியைப் போல மேலே தூக்கி வீசிவிட நம் பையன்களுக்குக் கை பரபரக்கும். முந்தின நாள் பயிற்சியில் அந்தப் பழக்கத்தை விட வைத்துவிடுங்கள்.

நடுவர்கள் மூன்று பேர். அவர்களில் ஒருவராவது வித்தை செய்யத் தெரிந்தவராக இருக்க வேண்டும், அவரே தலைமை நடுவர். மற்ற இருவர் வெளியாட்களாகவும் இருக்கலாம், ஆனால் கண்ணைப் பழக்கியாக வேண்டும். ஆக்ஸல் என்ற வித்தையை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டம் காற்றில் ஒரு நொடி நிற்கும், விடுபவர் ஒரு நூலை வெடுக்கென்று இழுத்து உடனே இரண்டு கையையும் முன்னே நீட்டித் தளர்த்துவார், பட்டம் குப்புறப் படுத்தபடி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மறுபடி நிமிரும். நல்ல ஆக்ஸலில் அந்தச் சுற்று தட்டு சுழல்வதுபோலச் சமமாக இருக்கும். மட்டமானதில் ஒரு இறக்கை தொங்கும், சுற்று முக்கால்வாசியில் உயிரில்லாமல் முடியும், நிமிர்ந்ததும் பட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று விடுபவருக்கே தெரியாது. ஃபேட் என்பது பட்டம் மல்லாந்து, மூக்கு விடுபவரைப் பார்க்க, மிதந்தபடி நிற்பது. டர்ட்டிலிலும் மல்லாந்துதான் கிடக்கும், ஆனால் மூக்கு அந்தப் பக்கம். ஃபேடிலிருந்து சுற்றினால் பேக்ஸ்பின், டர்ட்டிலிலிருந்து சுற்றினால் லேஸி சூசன். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே தெரியும். மூக்கு எந்தப் பக்கம் என்று கண் பிடித்துக்கொள்ளும்வரை அந்த நடுவரைக் களத்தில் உட்கார வைக்காதீர்கள்.

முந்தின நாள் மாலை ஒரு பயிற்சி போதும். ஒருவர் பட்டம் விட, மூன்று நடுவர்களும் தனித்தனியாக மதிப்பெண் போட்டுச் சீட்டைத் திருப்பி வைக்கட்டும். எவ்வளவு வித்தியாசம் வருகிறது, ஏன் வருகிறது என்று பேசட்டும். ஒருவர் எப்போதும் கைத்தாராளம், இன்னொருவர் எப்போதும் கஞ்சம் என்றால் கவலையில்லை, எல்லோருக்கும் அதே அளவுதான். ஒரே ஆளுக்கு ஒருமுறை ஒன்பதும், அதே வித்தைக்கு மறுமுறை ஐந்தும் போடுகிற நடுவர்தான் பிரச்சினை.

ஒவ்வொரு நடுவருக்கும் ஒரு எழுத்தர். இதை மிச்சம் பிடிக்கிறவர்கள் உண்டு, செய்யாதீர்கள். நடுவர் குனிந்து எழுதுகிற இரண்டு நொடியில் மூன்று வித்தை போய்விடும். நடுவர் வாயால் சொல்ல, எழுத்தர் எழுத வேண்டும். கையெழுத்து நன்றாக உள்ள ஆசிரியர்களோ கல்லூரி மாணவிகளோ அமைந்தால் அதிர்ஷ்டம். அட்டை, கிளிப், பென்சில் கொடுங்கள். பேனா மை கடற்கரை ஈரத்தில் ஊறிவிடும்.

நேரம் பார்ப்பவர் ஒருவர், அடுத்த ஆளைக் கூப்பிட்டு நூலை விரித்துத் தயாராக வைப்பவர் ஒருவர், மதிப்பெண் கூட்டுபவர் இருவர். இருவரும் தனித்தனியாகக் கூட்டி, விடை ஒன்றாக வந்தால்தான் அறிவிக்க வேண்டும். முதலுதவிக்கு ஒருவர்: விரல் வெட்டும் வெயில் மயக்கமும்தான் அதிகம் வரும், 108 வண்டி எந்த வழியில் மணல் வரை வரும் என்பதை அவர் முன்கூட்டியே பார்த்துவைக்க வேண்டும். தண்ணீர், மோர், சாப்பாட்டுப் பொட்டலம் கவனிக்க இரண்டு பேர்.

அறிவிப்பாளரைப் பொறுப்பாகத் தேர்ந்தெடுங்கள். கூட்டத்தில் பெரும்பாலோர் இதை முதன்முறையாகப் பார்ப்பார்கள். என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் பஜ்ஜிக் கடைக்குப் போய்விடுவார்கள். கபடிப் போட்டிக்கு மைக் பிடிக்கிற ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார். வித்தைகளின் பெயரும் ஒருவரி விளக்கமும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, முந்தின நாள் பயிற்சிக்கும் வரச் சொல்லுங்கள். போட்டியாளர் வித்தைக்குத் தயாராகும்போது “இதோ மல்லாக்கப் போடப் போகிறார், மூக்கைப் பாருங்கள்” என்று சொன்னால் கூட்டம் கண்ணெடுக்காது.

ஆள் குறைந்தால் தங்கள் சுற்று இல்லாத நேரத்தில் போட்டியாளர்களே நேரம் பார்க்கலாம், பட்டம் தூக்கிவிடலாம். நடுவர் நாற்காலியில் மட்டும் உட்கார வைக்காதீர்கள்.

ஆட்டம் எப்படி?

வெளிநாடுகளில் ‘ட்ரிக்ஸ் பார்ட்டி’ என்ற பெயரில் இரண்டு பேரை எதிரெதிராக நிறுத்தி, குறித்த வித்தைகளும் சுதந்திர ஆட்டமும் வைப்பார்கள். முதல் வருடத்துக்கு அதை இன்னும் எளிதாக்கிக்கொள்ளலாம். என் யோசனை இது.

முதல் சுற்றில் மூன்று கட்டாய வித்தைகள். பட்டியலை ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். புதியவர்களுக்குக் காற்றில் நிறுத்துவது, இறக்கை நுனி இரண்டும் ஒருசேரத் தரையில் படும்படி இறக்குவது, ஆக்ஸல். தேர்ந்தவர்களுக்கு ஃபேட், பேக்ஸ்பின், அதோடு நூலைப் பட்டத்தைச் சுற்றிச் சுருட்டி மறுபடி அவிழ்க்கும் யோயோ. ஒவ்வொரு வித்தைக்கும் இரண்டு வாய்ப்பு, எது நன்றாக வந்ததோ அதற்கு மதிப்பெண். பத்துக்கு: நுழைவுக்கும் வெளியேறுவதற்கும் 3, வித்தையின் சுத்தத்துக்கு 4, கட்டுப்பாட்டுக்கு 3. விடுபவர் “இன்” என்று கையுயர்த்திச் சொன்னதிலிருந்து நடுவர் பார்க்கத் தொடங்குவார், “அவுட்” என்றதும் முடிந்தது. இந்த வழக்கம் உலகம் முழுக்க உள்ளது, இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் சுற்று மூன்று நிமிடம், பாட்டோடு சுதந்திர ஆட்டம். வித்தைகளின் கடினத்துக்கும் சுத்தத்துக்கும் 50, ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகிற ஓட்டத்துக்கும் வகைக்கும் 30, பாட்டோடு இணைவதற்கு 20. ஒரே வித்தையைப் பத்துத் தடவை செய்பவருக்கு வகை மதிப்பெண் குறையும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தவில், நாதஸ்வரத்தோடு ஆட ஒருவர் ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள், தனி ஆவர்த்தனத்தின் வேகத்துக்குப் பட்டம் அற்புதமாக ஆடும்.

காற்று விதி: மணிக்கு 6 கிலோமீட்டருக்குக் கீழே போனாலோ 30-க்கு மேலே ஏறினாலோ நிறுத்திவைப்பது. காற்றுமானியை ஒரே ஆள், ஒரே இடத்தில், தலை உயரத்தில் பிடித்து மூன்று நிமிடம் பார்க்க வேண்டும். ஆட்டத்துக்கு நடுவே காற்று செத்தால் அந்தப் போட்டியாளருக்கு மறுவாய்ப்பு. பட்டம் உடைந்தால் மாற்றுப் பட்டத்துக்கு ஐந்து நிமிடம். புகார் இருந்தால் முடிவு அறிவித்துக் கால் மணிக்குள் தலைமை நடுவரிடம் எழுதிக் கொடுக்கலாம். செல்போன் வீடியோவைக் காட்டி மதிப்பெண் கேட்பதை அனுமதிக்காதீர்கள், ஒருமுறை அனுமதித்தால் அன்றைய பொழுது அதிலேயே போய்விடும்.

அன்றைக்கு

காலை ஏழு மணிக்கு மணலைக் கூட்டிப் பொறுக்குங்கள். உடைந்த பாட்டில், முள், அறுந்த வலைத்துண்டு எதுவும் இருக்கக்கூடாது, பின்பக்கமாக ஓடுகிறவர் காலடியைப் பார்க்கமாட்டார். எட்டு மணிக்குக் கம்பும் கயிறும். ஒன்பதுக்கு மைக் செட், சாமியானா. பந்தலை ஓரத்தில் போடுங்கள், களத்துக்குக் கிழக்கே போட்டால் அதுவே காற்றுக்குத் தடை.

பொன்னாடை, குத்துவிளக்கு, வரவேற்புரை, சிறப்பு விருந்தினர் பேச்சு எல்லாவற்றையும் பத்து மணிக்குத் தொடங்கிப் பதினொன்றேகாலுக்குள் முடித்துவிடுங்கள். அந்த நேரத்தில் எப்படியும் காற்று இருக்காது. பிற்பகலில் விருந்தினர் தாமதமாக வந்து ஆட்டத்தை நிறுத்திப் பேசினால் நல்ல காற்றில் அரை மணி போனது போனதுதான். அழைப்பிதழிலேயே நேரத்தைக் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

பதினொன்றரைக்கு எல்லா ஆட்களையும் ஒன்றாக நிறுத்தி, விசில் ஊதிக் காட்டி, அவரவர் இடத்தில் போய் நிற்கச் சொல்லுங்கள். கடலைப் பார்த்தால் தண்ணீர் நிறம் கருத்து, சின்னச் சின்னச் சுருக்கம் கரையை நோக்கி வருவது தெரியும். காற்று வந்துவிட்டது, முதல் ஆளைக் கூப்பிடலாம்.

நடுவில் படகு வந்தால் நிறுத்துங்கள். பறவைக் கூட்டம் தாழ்வாக வந்தாலும் நிறுத்துங்கள். நூலை மணலில் பிடித்துவைக்கும் முளைக்குப் பளிச்சென்ற சிவப்புத் துணி கட்டியிருக்க வேண்டும், ஆட்டம் முடிந்ததும் அதைப் பிடுங்கி எடுத்த பிறகே அடுத்தவர் வர வேண்டும்.

பரிசைச் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கொடுங்கள். எல்லைக்காரர்களையும் எழுத்தர்களையும் மேடைக்குக் கூப்பிட்டுப் பெயர் சொல்லிக் கைதட்டல் வாங்கிக் கொடுங்கள், அடுத்த வருடம் அவர்கள்தான் உங்களுக்கு வேண்டும். அப்புறம் எல்லோருமாக வரிசையாக நின்று களத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து, நூல்துண்டு ஒவ்வொன்றையும் பொறுக்குங்கள். அந்த இழை மக்காது, பறவைக் காலிலும் ஆமைக் கழுத்திலும் மாட்டிக்கொள்ளும். பொறுக்கிய நூலை மனுவில் எழுதியபடி எடைபோட்டு, படம் எடுத்து, ஆட்சியர் அலுவலகத்துக்கு நன்றிக் கடிதத்தோடு அனுப்புங்கள். அடுத்த முறை அனுமதி கேட்கப் போகும்போது அந்தக் கடிதத்தின் நகலைத்தான் முதலில் மேசையில் வைக்கப் போகிறீர்கள்.

மதிப்பெண் தாள்களைப் படம் எடுத்து அன்று இரவே போட்டியாளர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள், மூன்று நடுவர்கள் போட்டதும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். நாட்டாரை மறுநாள் போய்ப் பார்த்து, ஏதாவது தொந்தரவு இருந்ததா என்று கேளுங்கள். புதிதாக வந்தவர்களிடம், பட்டத்தையும் நூலையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடச் சொல்லுங்கள். உப்புப் பிடித்த நூல் விறைத்துப்போய், அடுத்த முறை யோயோவில் முறுக்கு விழுந்ததும் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும்.